வகுப்பில் யார் பேசுகிறார்கள்? பள்ளியில் பேச்சுத்திறன் – ஓர் எளிய விளக்கம்

ஆசிரியர் வெளியே போனதும் கிளாஸ் லீடர் எழுந்து, கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு எழுதி அடியில் கோடு போடுவான். அப்புறம் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்கும் அடங்காவிட்டால் இன்னொன்று. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் இந்தப் பட்டியலை விளக்கவே வேண்டாம். இதில் பெயர் வராமல் பன்னிரண்டு வருடம் தப்பித்து வந்த ‘நல்ல பிள்ளை’யைத்தான் பிறகு ஒரு நேர்முகத் தேர்வில் உட்காரவைத்து, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்கிறார்கள். பிள்ளை திணறினால், ‘கம்யூனிகேஷன் ஸ்கில் போதாது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

பேச்சுத்திறன் வேண்டும் என்று சொல்லாத பள்ளி இன்று இல்லை. சேர்க்கை விளம்பரப் பலகையில்கூட அது இருக்கிறது. ஆனால் அது எது, எப்படி வளர்கிறது, வகுப்பில் எது அதை வளரவிடாமல் தடுக்கிறது என்பதெல்லாம் தெளிவாகப் பேசப்படுவதில்லை. புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்தவர்களுக்கும் பெற்றோருக்கும் அடிப்படையிலிருந்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எதைப் பேச்சுத்திறன் என்று நினைக்கிறோம்?

முதலில் நினைவுக்கு வருவது மேடைப்பேச்சு. நமக்கு அது பெருமையான மரபு. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாணவர்களுக்குப் பேச்சுப்போட்டி நடத்துகிறது. இலங்கையில் அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள் இருக்கின்றன. போட்டிகள் நல்லவைதான். ஆனால் அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். தமிழாசிரியரோ அப்பாவோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கும். “என் முதற்கண் வணக்கம்” என்று கணீரென்று தொடங்கும். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டால் அங்கிருந்தே சமாளித்து மேலே போகத் தெரியாது. இரண்டு வரி பின்னால் போய் அங்கிருந்து ஓடி வந்து தாண்டப் பார்க்கும். இது ஒப்பித்தல். குரல், நிமிர்ந்த நிலை, கூட்டத்தைக் கண்டு பயப்படாமை எல்லாம் இதில் பழகும், மறுக்கவில்லை. ஆனால் நடுவர் குறுக்கிட்டு, “நீ சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம்” என்று கேட்டால் என்ன ஆகும்? அந்த இடத்தில்தான் பேச்சுத்திறன் தொடங்குகிறது. தவிர, நாற்பது பேர் வகுப்பில் போட்டிக்குப் போவது இரண்டு பேர். மீதி முப்பத்தெட்டு பேர் கைதட்டுகிறார்கள்.

இரண்டாவது, ஸ்போக்கன் இங்கிலீஷ். ஆங்கிலம் பேச வருவது ஒரு மொழியில் புழங்கும் திறமை. எதையாவது யோசித்துக் கோவையாகச் சொல்வது வேறு திறமை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் பாதிப்பைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது, வாயாடித்தனம். “அவன் நல்லா பேசுவான் சார்” என்று நாம் காட்டும் பிள்ளை பெரும்பாலும் நிறையப் பேசும் பிள்ளையாகத்தான் இருக்கும். நிறையப் பேசுவதும் நன்றாகப் பேசுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் பேச்சுத்திறன் என்பது என்ன? ஒரு விஷயத்தை யோசித்து, எதிரே இருப்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டு, அதற்கேற்பத் தன் அடுத்த வார்த்தையை அமைத்துக்கொள்வது. கேட்பது இதில் பாதி. அதனால்தான் பாடத்திட்டங்கள் ‘கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல்’ என்று கேட்டலை முதலில் வைக்கின்றன. வகுப்பறையிலோ கடைசி இரண்டுக்குத்தான் நோட்டுப் புத்தகம் உண்டு.

தெருக் கிரிக்கெட்

தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மட்டை யாருடையதோ அவன்தான் முதலில் ஆடுவான், அவுட் ஆனாலும் சண்டை போட்டு இன்னொரு ஓவர் ஆடுவான். அடுத்து அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர். ஆகச் சின்னப் பையன் எல்லையில் நிற்பான். பந்து சாக்கடையில் விழுந்தால் அவன்தான் எடுக்க வேண்டும். இருட்டியதும் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஒரு வருடம் இப்படிப் போனால் மட்டைக்காரன் நன்றாக ஆடுவான், சின்னவனுக்கு மட்டையைப் பிடிக்கவே தெரியாது. பார்ப்பவர்கள், “இவனுக்குப் பிறவியிலேயே ஆட்டம் வரும், அவனுக்கு வராது” என்பார்கள். யாருக்கு எத்தனை பந்து கிடைத்தது என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. ஆசிரியர் கேட்கிறார், முதல் பெஞ்சில் நான்கு கைகள் உயர்கின்றன, அந்த நால்வரில் ஒருவர் பதில் சொல்கிறார். நேரம் மிச்சம், பாடமும் நகர்கிறது. மற்றவர்கள் எல்லையில் நிற்கிறார்கள்.

இதை எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பி.எட். படித்தவர்களுக்கு ஃபிளாண்டர்ஸ் என்ற பெயர் தேர்வுக்கு முந்தைய இரவோடு சேர்ந்து நினைவிருக்கும். வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்துப் பதிவு செய்யும் முறையை உருவாக்கிய அமெரிக்கர். அவர் கண்ட வகுப்புகளில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு நேரம் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது.

இதை நம் வகுப்புக்குப் பொருத்திப் பார்ப்போம். பாடவேளை 40 நிமிடம், பிள்ளைகள் 40 பேர். பேச்சு நடப்பது ஏறக்குறைய 27 நிமிடம். அதில் ஆசிரியருக்கு 18 போனால் மீதி 9 நிமிடம். நாற்பது பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 13 விநாடி சொச்சம். அதுவும் சமமாகப் பங்கிட்டால்தான். முதல் பெஞ்ச் எடுத்துக்கொண்டது போகக் கடைசி பெஞ்சுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதே வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வியைக் கொடுத்து, “பக்கத்தில் இருப்பவரிடம் 4 நிமிடம் பேசுங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேருக்கும் தலைக்கு 120 விநாடி கிடைத்துவிடுகிறது, அதாவது ஏறக்குறைய 9 மடங்கு. செலவு நான்கே நிமிடம். ‘யோசி, ஜோடியாகப் பேசு, வகுப்போடு பகிர்’ என்கிற இந்த முறையை அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். இன்று ஆசிரியர் பயிற்சிகளில் இது சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிறது. செய்யப்படுகிறதா என்றால், வராந்தாவில் நடந்து வரும் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, “கிளாஸ் ஏன் இவ்வளவு சத்தமா இருக்கு?” என்று கேட்கும்வரை செய்யப்படுகிறது.

சுருக்கமாக: பேச்சுத்திறன் பேசிப் பேசித்தான் வரும். ஒரு பிள்ளைக்கு அது வரவில்லை என்று சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு எத்தனை முறை வாய்ப்பு வந்தது என்று பார்க்க வேண்டும்.

பேசும்போது தலைக்குள் என்ன நடக்கிறது?

வாய்ப்புக் கொடுத்தும் சில பிள்ளைகள் திணறுகிறார்களே, ஏன்? பேசுவது எளிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஏகப்பட்ட வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. டச்சு உளவியல் அறிஞர் வில்லெம் லெவெல்ட் 1989இல் இதைப் படிப்படியாக விளக்கினார். முதலில் என்ன சொல்ல வேண்டும் என்ற எண்ணம் உருவாக வேண்டும். பிறகு அதற்குச் சொல் தேடி, வாக்கியமாக அடுக்க வேண்டும். பிறகு நாக்கும் உதடும் அதை ஒலிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே, ‘சரியாகத்தான் சொல்கிறேனா?’ என்று நாமே நம் பேச்சைக் காதில் வாங்கிச் சரிபார்க்கவும் வேண்டும். பெரியவர்கள் இதைப் பழக்கத்தில் தானாகச் செய்துவிடுகிறோம்.

இதில் முதல் இரண்டு வேலைகளுக்கும் நான்காவதுக்கும் செயல் நினைவு தேவை. அந்தக் கணத்தில் வேண்டிய நாலைந்து விஷயங்களை மட்டும் தலையில் தாங்கிவைத்திருக்கும் தற்காலிக நினைவுதான் அது. அதன் கொள்ளளவு சிறியது. பயமும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். ‘தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ’ என்ற நினைப்பு பாதியை அடைத்துக்கொண்டால் சொல் தேடுவதற்கு இடமில்லை. வீட்டில் ஒளிச்சேர்க்கையைக் கடகடவென்று சொன்ன பிள்ளை வகுப்பில் எழுந்ததும் ஊமையாகிவிடுவதற்கு இதுதான் காரணம். அதற்குப் பாடம் தெரியாமலில்லை.

அப்படியென்றால் செய்ய வேண்டியது சுமையைக் குறைப்பது. என்ன சொல்வது என்று யோசிக்க முதலிலேயே ஒரு நிமிடம் கொடுத்தால் எண்ணம் தயாராகிவிடும், பேசும்போது சொல்லை மட்டும் கவனித்தால் போதும். ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்ல வைப்பது இன்னொரு வழி. நியூசிலாந்தில் பணியாற்றிய மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கிய ‘4-3-2’ என்ற பயிற்சி இதற்கானது. ஒரு பிள்ளை ஒரு விஷயத்தை ஒரு தோழியிடம் 4 நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு ஆள் மாறி இன்னொரு தோழியிடம் அதையே 3 நிமிடத்தில். கடைசியாக மூன்றாவது ஆளிடம் 2 நிமிடத்தில். முதல் முறை “அது வந்து... அது வந்து...” என்று இழுத்த பிள்ளை மூன்றாவது முறை நேராக விஷயத்துக்கு வந்துவிடும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் திரும்பச் சொல்வதில் சலிப்பும் இல்லை. ஆறாம் வகுப்புக்கு நான்கு நிமிடம் அதிகம். இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம்.

ஒரு திறனுக்குள் நான்கு

பிரிட்டனில் இந்தத் திறனுக்கு ‘ஓரசி’ என்று பெயர். 1965இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வில்கின்சன், எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் இணையான இடம் பேச்சுக்கும் வேண்டும் என்று சொல்லி இந்தப் பெயரைக் கொடுத்தார். பிற்பாடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், 2012இல் கிழக்கு லண்டனில் தொடங்கப்பட்ட ‘ஸ்கூல் 21’ என்ற பள்ளியும் சேர்ந்து இதை நான்காகப் பிரித்தார்கள். உடல் சார்ந்தது: குரல், வேகம், பார்வை. மொழி சார்ந்தது: சொல், இடத்துக்கேற்ற நடை. சிந்தனை சார்ந்தது: காரணம் சொல்லுதல், கோவையாக அடுக்குதல், கேள்வி கேட்டுத் தெளிதல். சமூகமும் உணர்வும் சார்ந்தது: மற்றவரைக் கேட்டல், முறை கொடுத்தல், கேட்பவருக்கு எது தெரியும் எது தெரியாது என்று உணர்ந்து பேசுதல்.

நம் பேச்சுப்போட்டி மதிப்பெண் தாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரல் வளம், உச்சரிப்பு, உடல்மொழி எல்லாம் இருக்கும். கருத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். ஆனால் கருத்து எழுதிக் கொடுத்தவருடையது. நான்காவதான சமூகமும் உணர்வும் சார்ந்ததற்குக் கட்டமே கிடையாது. மேடையில் பதில் சொல்ல எதிராளி இல்லாதபோது அதை எப்படி அளப்பது?

“ஒளிச்சேர்...?” “க்கை!”

இப்போது ஆசிரியரின் பக்கம் வருவோம். எந்த வகுப்பின் வாசலில் நின்றாலும் இது காதில் விழும்:

“தாவரங்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தி உணவு தயாரிப்பதற்குப் பெயர் என்ன? ஒளிச்சேர்...?”

“க்கைஐஐ!”

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்!”

நாற்பது வாய்களும் திறந்தன. ஆனால் பேசியது ஆசிரியர் ஒருவர்தான். பிள்ளைகள் சொன்னது அவருடைய சொல்லின் வால். புரியாத பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்து “க்கை” சொல்லிவிடலாம்.

தனித்தனியாகக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே அச்சுத்தான். ஆசிரியர் கேள்வி கேட்பார், மாணவர் பதில் சொல்வார், ஆசிரியர் “சரி” அல்லது “தப்பு, உட்காரு” என்பார். 1975இல் பிரிட்டிஷ் மொழியியலாளர்கள் சின்க்ளேரும் கூல்தார்டும் வகுப்பறைப் பேச்சின் அடிப்படை வடிவம் இந்த மூன்று அடிகள்தான் என்று காட்டினார்கள். எளிமைக்காக இதைக் கேள்வி, பதில், தீர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இந்த வடிவத்தில் தவறில்லை; வாய்ப்பாடு சரிபார்க்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. பிரச்சினை, நாள் முழுக்க இதுவே நடந்தால் பிள்ளையின் பங்கு எப்போதும் ஒற்றைச் சொல்லாகவே நின்றுவிடும் என்பதுதான். தீர்ப்பு வந்ததும் உரையாடல் முடிந்துவிடுகிறது.

இரண்டு இடங்களில் கைவைத்தால் இது மாறும்.

ஒன்று, காத்திருப்பு. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மேலே பார்த்த உள்வேலைகளை நினைத்துப் பாருங்கள்: ஒரு விநாடியில் எண்ணம் உருவாகி, சொல் கிடைத்து, வாக்கியமும் அமைந்துவிட வேண்டும். காத்திருப்பை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, கேட்காமலே காரணம் சொன்னார்கள், ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கேள்விக்குப் பின் மட்டுமல்லாமல், பிள்ளை பதிலை முடித்த பின்னும் சற்றுப் பொறுக்க வேண்டும் என்றார் அவர். முடித்துவிட்டது என்று நாம் நினைக்கும் பிள்ளை பல நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

சொல்ல எளிது, செய்வது கடினம். வகுப்பு முன்னால் நிற்கும்போது மூன்று விநாடி அமைதி மூன்று நிமிடம் போலத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டாவது, தீர்ப்பின் இடத்தில் வேறொன்றை வைப்பது. “சரி” என்று முடிக்காமல், “இன்னும் கொஞ்சம் சொல்லேன்”, “எப்படி அப்படிச் சொல்றே?” என்று அதே பிள்ளையிடம் திருப்பலாம். “அவ சொன்னதை நீ உன் வார்த்தைல சொல்லு பார்ப்போம்” என்று இன்னொரு பிள்ளையிடம் போகலாம். கடைசிக் கேள்விக்கு ஒரு பக்கபலன் உண்டு. அடுத்தவர் சொல்வதைக் கேட்டால்தான் தப்பிக்க முடியும் என்பது தெரிந்துவிட்டால், யாரும் சொல்லாமலே வகுப்பு காது கொடுக்கத் தொடங்கும்.

இதுவரை பார்த்தவை: எல்லோருக்கும் முறை கிடைக்க வேண்டும், பேசுமுன் யோசிக்க நேரம் வேண்டும், பதிலோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. இனி, ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வட்டமாக உட்கார்ந்தால் போதுமா?

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளை லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுநாள் கவனித்தார்கள். பிள்ளைகள் குழுவாக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பெரும்பாலான நேரம் தனித்தனியாகத் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நமக்கும் இது பழக்கமானதுதான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன, பிள்ளைகள் வட்டமாக அமர்ந்தார்கள், ஆசிரியரும் கீழே உட்கார்ந்தார். பெரிய மாற்றம் அது. ஆனால் அதில் பயன்பட்ட பாட அட்டைகளும், அவற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப் படமும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறுவதற்கானவை. பக்கத்தில் உட்கார்ந்ததாலேயே பிள்ளைகள் சேர்ந்து யோசித்துவிட மாட்டார்கள்.

சேர்ந்து பேசினாலும் அந்தப் பேச்சு எத்தகையது என்பது முக்கியம். பிரிட்டனின் கல்வி ஆய்வாளர் நீல் மெர்சரும் அவரோடு பணியாற்றியவர்களும் பிள்ளைகளின் குழுப் பேச்சை மூன்றாக வகைப்படுத்தினார்கள். ஒரு கேள்வியை வைத்தே பார்த்துவிடலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே எப்படி ஈரம் வந்தது?

முதல் குழு:
“பாட்டில்ல ஓட்டை.”
“ஒண்ணும் இல்ல.”
“இருக்கு.”
“உனக்கு ஒண்ணும் தெரியாது.”
“உனக்குத்தான் தெரியாது.”

இது மோதல் பேச்சு. ஆளுக்கொரு முடிவு, காரணம் யாரிடமும் இல்லை.

இரண்டாவது குழு:
“தண்ணி கசியுது.”
“ஆமா, கசியுது.”
“ஆமாண்டி, எங்க வீட்லயும் இப்படித்தான் கசியும்.”
“சரி, அதையே எழுது.”

இது ஒத்துப்போகும் பேச்சு. சண்டை இல்லை, சிரித்த முகம். ஆசிரியர் தூரத்திலிருந்து பார்த்தால் அருமையான குழு என்று நினைப்பார். ஆனால் யாரும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. தவறான பதில் நான்கு கையெழுத்தோடு தாளில் ஏறிவிட்டது.

மூன்றாவது குழு:
“உள்ள இருக்கற தண்ணிதான் கசியுதுன்னு நினைக்கிறேன்.”
“அப்படின்னா என் பாட்டில் ஏன் கசியல? அதுலயும் தண்ணி இருக்கே.”
“உன்னது ஜில்லுன்னு இல்ல. ஒருவேளை ஜில்லுன்னு இருந்தாத்தான் கசியுமோ?”
“கசிஞ்சா உள்ள தண்ணி குறையணும்ல? பேனால கோடு போட்டு வெச்சுப் பார்ப்போம்.”
“குறையலைன்னா வெளிய இருந்துதான் வந்திருக்கணும். ஆனா எங்கேர்ந்து?”

இதைத் தேடல் பேச்சு என்று சொல்லலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார், ஆனால் காரணத்தோடு. முதலில் சொன்ன பிள்ளை தன் கருத்தை மாற்றிக்கொள்கிறது, அதற்காக யாரும் கேலி செய்யவில்லை. நீராவி குளிர்ந்து நீராவதைப் பற்றி ஆசிரியர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் பேசப்போகும்போது கேட்பதற்கு இந்தக் குழு தயாராக இருக்கிறது.

மூன்றாவது வகை தானாக வராது. அதற்குச் சில விதிகளை வகுப்பே பேசி முடிவு செய்து சுவரில் ஒட்ட வேண்டும்: எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும், காரணம் கேட்டால் கோபப்படக் கூடாது, ஆளைச் சொல்லாமல் கருத்தைச் சொல்ல வேண்டும், எழுதுமுன் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தொடங்கிக் கொடுக்கும் சில வாக்கியங்களும் உதவும். “நீ சொல்றது சரி, ஆனா...”, “எனக்கு அது புரியல, இன்னொரு தடவை சொல்லு” போன்றவை. வீட்டில் பெரியவர்கள் காரணம் கேட்டுப் பேசிப் பழக்கியிருந்தால் பிள்ளைக்கு இவை தெரிந்திருக்கும். “எதிர்த்துப் பேசாதே” என்று வளர்ந்த பிள்ளைக்கு மரியாதையாக மறுக்கவும் முடியும் என்பதே புதுச் செய்தி.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தமிழ்ப் பகுதியில் ‘கற்பவை கற்றபின்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கலந்துரையாடுக, வகுப்பறையில் பேசுக என்று அதில் நல்ல வேலைகள் உண்டு. தேர்வில் மதிப்பெண் இல்லாத கட்டம் என்பதால் பல வகுப்புகளில் ‘வீட்டுல படிச்சுக்கோங்க’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். கலந்துரையாடலை வீட்டில் தனியாக எப்படிப் படிப்பது என்று பிள்ளைகள் கேட்பதில்லை.

வீட்டுத் தமிழ், புத்தகத் தமிழ், ஆங்கிலம்

தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். ஒரே மொழிக்குள் இப்படிப் பேச்சுக்கு ஒன்றும் எழுத்துக்கும் மேடைக்கும் ஒன்றுமாக இரண்டு நடை இருப்பதை இரட்டை வழக்கு என்பார்கள். மழை “வந்துச்சு” என்று தொடங்கும் பிள்ளையை “வந்தது-ன்னு சொல்லு” என்று முதல் வாக்கியத்திலேயே நிறுத்தினால், அதன் செயல் நினைவு விகுதியைத் தேடப் போய்விடும். மழை வந்து என்ன ஆனது என்பது மறந்துபோகும்.

எழுத்து நடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். யோசிக்கும்போதும் பக்கத்துப் பிள்ளையோடு பேசும்போதும் வீட்டுத் தமிழ் இருக்கட்டும், மதுரையோ நாகர்கோவிலோ மட்டக்களப்போ எந்த ஊர்ப் பேச்சாகவும் இருக்கட்டும். கருத்து உருவான பிறகு, “இதையே தலைமையாசிரியர் முன்னால் சொல்வதானால் எப்படிச் சொல்வாய்?” என்று கேட்டால் பிள்ளை நடையை மாற்றிப் பார்க்கும். எந்த இடத்துக்கு எந்த நடை என்று தெரிவதும் பேச்சுத்திறனின் ஒரு பங்குதான்.

ஆங்கிலத்துக்கும் இதே கதை. தமிழில் பேசினால் அபராதம் என்று வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே பிள்ளை ஆங்கிலத்தில் பேசிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அது பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ், ஒரு மொழியில் பழகிய சிந்தனைத் திறன்கள் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று விளக்கினார். காரணம் சொல்வது, ஒப்பிடுவது, முன்னுக்குப் பின் கோவையாகச் சொல்வது ஆகியவற்றைத் தமிழில் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொற்கள் மட்டும் கிடைத்தால் போதும். எந்த மொழியிலும் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேசிப் பழகாத பிள்ளைக்கு ‘மை நேம் இஸ்’ஸுக்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோர், பிள்ளை தமிழில் ஒரு விளையாட்டின் விதிகளைக் குழப்பமில்லாமல் சொல்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

பேசாத பிள்ளை

எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் வாயே திறக்க மாட்டார்கள். கூச்சத்தைப் போக்குகிறேன் என்று திடீரென்று எழுப்பி முன்னால் நிறுத்துவது பல நேரம் கூச்சத்தை உறுதிப்படுத்திவிடும். முதலில் ஒரு தோழியிடம், பிறகு நால்வர் குழுவில், பிறகு இடத்தில் உட்கார்ந்தபடியே வகுப்புக்கு, அதற்கப்புறம்தான் முன்னால் வந்து, என்று படிப்படியாகப் போகலாம். குழுவில் பேசிய பிறகு, “நீங்க நாலு பேரும் என்ன முடிவு பண்ணீங்க?” என்று கேட்டால் அந்தப் பிள்ளை சொல்வது அதன் சொந்தக் கருத்தாக இருக்காது, குழுவின் கருத்தாக இருக்கும். தப்பானாலும் அவமானம் நான்காகப் பங்கிடப்படும்.

திக்கிப் பேசும் பிள்ளை வேறு. அதன் வாக்கியத்தை நாம் முடித்து வைக்கக் கூடாது. “மெதுவா பேசு, பதறாதே” என்று சொல்வதும் உதவாது. முகத்தைப் பார்த்தபடி முடிக்கும்வரை காத்திருந்தால் போதும். மற்ற பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள்.

மதிப்பெண் போடலாமா?

சிபிஎஸ்இ 2012–13 கல்வியாண்டில் 9, 10ஆம் வகுப்பு ஆங்கிலத்தில் கேட்டல், பேசுதலுக்கு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. மதிப்பெண் இருந்தால் வகுப்பில் நேரம் ஒதுக்குவார்கள் என்பது உண்மை. மதிப்பெண் வந்ததும் அதற்கும் ஒரு கைடு வந்து, பிள்ளைகள் ‘உரையாடலை’ மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள் என்பதும் உண்மை. என் கட்சி, மாணவருக்கு மதிப்பெண் போடுவதைவிட ஆசிரியர் தன் வகுப்பை அளந்து பார்ப்பது பயன் தரும் என்பதுதான்.

அதற்கு ஒரு போன் போதும். ஜூனில் நால்வர் குழு ஒன்று ஒரு கேள்வியைப் பேசுவதை ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஜனவரியில் அதே நால்வர், அதே அளவு கடினமான கேள்வி, இன்னொரு பதிவு. குரல் இனிமையை விட்டுவிட்டு எண்ணக்கூடியவற்றை எண்ணுங்கள். நால்வரில் எத்தனை பேர் பேசினார்கள்? ஒருவர் இடைவிடாமல் பேசிய மிக நீளமான பேச்சு எத்தனை வாக்கியம்? “நீ என்ன நினைக்கிற?” என்று யாராவது யாரையாவது கேட்டார்களா? மெர்சர் குழுவினர் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளின் பேச்சை ஒப்பிட்டபோது காரணம் காட்டும் சொற்களும் நிபந்தனைச் சொற்களும் கூடியிருந்ததைக் கண்டார்கள். நமக்கு அவை “ஏன்னா”, “அப்படின்னா”, “ஒருவேளை”, “நான் என்ன நினைக்கிறேன்னா”. ஜூன் பதிவில் இவை எத்தனை, ஜனவரியில் எத்தனை என்று ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கை ஏறவில்லை என்றால் விதிகளையும் கேள்விகளையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பதிவு செய்யுமுன் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், எண்ணி முடித்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் சாமான் இல்லை அது.